படகுக்குப் புதுத் தரை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஃபரீதாவுக்குக் கட்டிங் வேலை. ஆர்டர் குறைந்து அவளுடைய யூனிட்டை மூடியபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. மற்ற கம்பெனிகளில் இளம் பெண்களையே எடுத்தார்கள். சில மாதங்கள் பள்ளிகொண்டாவில் வீட்டோடு கிடந்தாள்.

அதே கம்பெனியில் தையல் மிஷினில் இருந்த அமிர்தவள்ளிதான் அவளை அணைக்கட்டுப் பக்கத்து ஏரிக்கு அழைத்தாள். அங்கே மீன் பிடித்துவந்த அமிர்தவள்ளியின் கணவர் கோதண்டராமன், முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு துடுப்புப் போடக் கூடாது. அவருடைய சின்ன அலுமினியப் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அந்த வருஷம் ஏரியோ நிரம்பித் தளும்பியது. துடுப்புப் போட அமிர்தவள்ளிக்குத் தெரியும். வலை இழுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

முதல் நாளே, வலையை இழுக்க எழுந்து நின்ற ஃபரீதாவின் கால் படகின் உளுத்த தரைப் பலகையை உடைத்துக்கொண்டு இறங்கியது. கணுக்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது. இனி அவள் வரமாட்டாள் என்றே அமிர்தவள்ளி நினைத்தாள். காயம் ஆறியதும் ஃபரீதா ஒரு கட்டு அட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"இன்னா ஃபரீதா இது?"

"தரைக்கு அளவு எடுக்கத்தான். புதுத் தரை போட்டாத்தான் இனிமே படகுல ஏறுவேன்."

பழைய பலகைகளைப் பெயர்த்து, அடியில் தேங்கிய சேற்றைக் கழுவினார்கள். படகின் அடி ஓரங்களில் வளைந்தும் முன்பக்கம் குறுகியும் இருந்தது. ஷூவுக்குத் தோல் வெட்டியவள் அல்லவா, தரையையும் துண்டு துண்டாகவே யோசித்தாள். அட்டையை உள்ளே வைத்து வைத்துக் கத்தரித்து, அதே அளவில் பிளைவுட்டை அறுக்கக் கொடுத்தாள். மரம் ஊறினால் உப்பும், கொஞ்சம் இடைவெளி விடுங்கள் என்றார் கோதண்டராமன். விளிம்புகளுக்கெல்லாம் வார்னிஷ் அடித்தார்கள். கீழே இருந்த குறுக்குச் சட்டங்களில் பலகைகளை வைத்து ஃபரீதாவே ஸ்க்ரூ முடுக்கினாள்.

படகைத் தண்ணீரில் தள்ளிய கொஞ்ச நேரத்தில் தரைக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஏறியது. ஒரு ஸ்க்ரூ நீளம் ஜாஸ்தி. சட்டத்தைத் தாண்டிப் படகின் அடியையே துளைத்திருந்தது. ஃபரீதா கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். உள்ளதையும் கெடுத்துவிட்டேன், வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

அமிர்தவள்ளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மிஷின்ல ஊசி உடைஞ்சா வேற ஊசி மாட்டுவோம். வேலைய வுட்டுட்டா போனோம்?"

மறுநாள் அலுமினியப் பட்டறை வைத்திருக்கும் சூரியபிரகாஷை அழைத்துவந்தார்கள். அவர் ஓட்டையின் மேல் தகடு வைத்து ரிவெட் அடித்து, சுற்றிலும் பசை பூசினார். ஃபரீதா எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டுக் குட்டையானவற்றைப் போட்டாள். கால் வழுக்காமலிருக்க மேலே ரப்பர் ஷீட் ஒட்டினாள்.

இரண்டு நாள் தண்ணீரில் நிறுத்தியும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மூன்றாம் நாள் விடியலில் ஏரி நடுவே வலை இழுக்க ஃபரீதா எழுந்தாள். முதலில் ஒரு காலை ஊன்றிப் பார்த்தாள், பிறகு மற்றதை. தரை அசையவில்லை. வலையை முழுசாக இழுத்துப் போட்டபோது கெண்டைகள் ரப்பரின் மேல் துள்ளின. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது வாரத்தில் நான்கைந்து நாள் இருவரும் ஏரிக்குப் போகிறார்கள். அடுத்த ஊர் ஏரியில் படகு வைத்திருக்கும் காசிநாதன், தன் படகுக்கும் தரை போட்டுத் தரும்படி போன வாரம் கேட்டார்.

"ரம்ஜான் முடியட்டும், வர்றேன்" என்று சொல்லியிருக்கிறாள் ஃபரீதா.