ஐஸ் முடிந்த விண்கலம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எனக்கு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டிலோ மாமா ஓம் சொன்னால்தான் வாப்பாவும் ஓம் சொல்வார். மாமாவுக்குக் கற்பிட்டியில் ஐஸ் தொழிற்சாலை. ஆகவே, நட்சத்திரங்கள் பிறக்கும் இடத்துத் தூசியைப் பற்றி மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்று விளக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தூசி பொல்லாத குளிர். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது விடாது. தூர அகச்சிவப்பு என்னும் மெல்லிய வெப்பத்தை மட்டும் விடும். அதைப் பார்க்கும் கருவி அதைவிடக் குளிர்ந்திருக்காவிட்டால் தன் சூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் விண்கலத்தில் திரவ ஹீலியம் நிரப்பி அனுப்பினார்கள் என்றேன்.

"அது முடிஞ்சா?"

"கருவி குருடு மாமா."

"திரும்ப ஏத்த ஏலாதா?"

"ஏலாது. அவ்வளவு தூரம்."

"இப்ப எவ்வளவு மிச்சம் இரிக்கி?"

"முடிஞ்சு கனகாலம்."

மாமா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். உடனே பக்கத்து ஊரான முந்தலில் இருக்கும் இன்னொரு ஐஸ்காரருக்குப் போன் எடுத்தார். "ஐஸ் ஏத்த வழியில்லாத எடத்துக்குப் போட் அனுப்பியிரிக்கானுகள். கேட்டா படிச்சவங்களாம்!" வேலையாட்கள் மூன்று பேர் ஐஸ் கட்டிகளைக் கீழே போட்டுவிட்டு விசாரணையில் சேர்ந்துகொண்டார்கள். உருகாமல் இருக்க மரத்தூள் போட்டு மூடினார்களா என்று ஒருவர் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

மாமாவுக்கு இல்லை. "ஐஸ் கணக்குத் தெரியாதவனுகள்ட்ட எங்கட புள்ளைய அனுப்ப ஏலாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருடப் படிப்பை மரத்தூளில் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்களே!

"கணக்குப் பாத்துத்தான் மாமா அனுப்பினவங்க!" என்று கத்தினேன். "ஐஸ் இரிக்கிற வரைக்கும் படம் படமாப் புடிச்சாங்க. புடிச்சதெல்லாம் அப்பிடியே கெடக்கு. பிரிச்சுப் பாக்க ஆள் காணாது. அதுக்குத்தான் என்னக் கூப்பிடுறாங்க."

மாமா போனை வைத்தார்.

"தொண்ணூறில முஸ்லிம்கள் எல்லாரையும் வடக்க விட்டு வெளியேறச் சொன்ன அண்டைக்கு, மன்னார்ல ரெண்டு பெட்டி அறக்குளா மீன் ஐஸ் போட்டு வெச்சிருந்தன்," என்றார். "மூடியக்கூடத் தொறக்க விடல்ல. அப்பிடியே விட்டுட்டு வந்தம்."

வேலையாட்கள் குனிந்து கட்டிகளைத் தூக்கினார்கள்.

"அவங்கட சாமான் கெட்டுப் போகாதா புள்ள?"

"கெடாது மாமா. எத்தன வருஷம் போனாலும் கெடாது."

"அப்ப போ," என்றார். "ஒண்டையும் மிச்சம் வெக்காமப் பாத்துட்டு வா."