அந்தோனியாரின் பெயரில் ஒரு சுற்றுலா

மன்னார்த்தீவுப் பேசாலையில் அன்ரோனெற் வீட்டு அலுமாரியில், காணி உறுதிக்கும் ஞானஸ்நானப் பத்திரங்களுக்கும் இடையில் ஒரு நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி இருக்கிறது. அதன் முதற் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் சந்தோஷம் எழுதப்பட்டிருக்கிறது. முதல் நாள் காலை ஒன்பது மணி தொடக்கம் மாலைவரை கொழும்புக்குப் பக்கத்திலுள்ள வாட்டர் பார்க். மறுநாள் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. பின்னேரம் காலிமுகத்திடலில் பட்டமும் இறால் வடையும். இறால் வடை கட்டாயமில்லை என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. இறால் பேசாலையில் காணாத பொருளா என்ன?

அந்தப் பக்கத்தின் அடியில் நான்கு திகதிகள். நான்கும் வெட்டப்பட்டவை.

அன்ரோனெற்றுக்கு முப்பத்தெட்டு வயது. நண்டு பதனிடும் இடத்தில் வேலை. அவித்த நண்டின் சதையை எடுத்து, அதில் ஓட்டுப்பொடி ஏதும் கிடக்கிறதா என்று விரல் நுனியால் தடவித் தடவிப் பார்க்கிற வேலை. பத்து வருடத்தில் அவள் பார்த்து அனுப்பிய தட்டு ஒன்றும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. சுற்றுலாவையும் அவள் அதே கவனத்தோடுதான் திட்டமிட்டாள். கூட வேலை செய்பவர்களில் போய் வந்தவர்களை விசாரித்தாள். பெரிய சறுக்கில் ஏற நைலோன் உடுப்பு வேண்டும் என்று அறிந்து மகளுக்கு ஒன்று தைத்தாள். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு நுழைவுச்சீட்டுக் கொடுக்கமாட்டார்கள் என்பதையும் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

எல்லாம் மகள் ஜெனிற்றாவுக்காக. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பாஸ் பண்ணினால் வாட்டர் பார்க் என்று அன்ரோனெற் வாக்குக் கொடுத்திருந்தாள். பிள்ளை பாஸ் பண்ணிவிட்டது. தாய்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் தவித்தாள்.

முதலாவது திகதிக்கு இரண்டு நாள் முன்பு அவளுடைய கணவன் கொன்ஸ்ரன்ரைனின் படகு எஞ்சின் நின்றுபோனது. இரண்டாவது திகதியில் விடத்தல்தீவில் ஒரு செத்தவீடு. மூன்றாவதின்போது கடலில் கணவாய் குவிந்து பட்டது. கடல் தருகிற நேரத்தில் கரையில் நிற்பவன் மனிதனா என்று கேட்டான் கொன்ஸ்ரன்ரைன். நாலாவது திகதியில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை யாரென்று அன்ரோனெற்றுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக அந்த வீட்டில் அருள்நாயகி இருந்தாள். கொன்ஸ்ரன்ரைனின் மூத்த அக்கா. கலியாணம் கட்டாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். மரியாயின் சேனையில் தலைவி. வாட்டர் பார்க் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"சுத்திவரத் தண்ணிக்குள்ள இருக்கிறம். தண்ணி பாக்கக் கொழும்புக்கோ?"

கொன்ஸ்ரன்ரைன் சிரிப்பான். அந்தச் சிரிப்போடு கொப்பி அலுமாரிக்குள் போய்விடும்.

ஆனால் ஆவணி மாதம் மடுத் திருவிழா வரட்டும். எஞ்சின் தானாகத் திருந்தும். கணவாய் எவ்வளவு பட்டாலும் வலை கரையில் கிடக்கும். செத்தவீடுகூடத் தள்ளிப்போகும் போலிருக்கும். உழவு மெஷின் பெட்டியில் பாயும் பானையும் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் மடுவில் போய்க் கிடப்பார்கள். அன்ரோனெற்றும் மாதாவின் பிள்ளைதான். இருந்தாலும் மாதாவுக்கு விலகுகிற தடைகள் தன் மகளுக்கு மட்டும் ஏன் விலகுவதில்லை என்று அவள் நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலை யாரிடம் சொல்லுவாள்?

ஜெனிற்றா ஏழாம் வகுப்புக்கு வந்த வருடம் வைகாசியில் பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல். ஒன்பது நாள் மன்னார் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியது. வீட்டுக்கு வந்து சில கிழமைக்குப் பிறகு, இராச்சாப்பாட்டு நேரம் அன்ரோனெற் மீண்டும் பேச்சை எடுத்தாள். ஆவணி விடுமுறையில் போவோமா என்று கேட்டாள். வருகிற வருடம் பார்ப்போம் என்றான் கொன்ஸ்ரன்ரைன், மீன் முள்ளை எடுத்தபடி.

கணக்குச் செய்துகொண்டிருந்த ஜெனிற்றா தலையை நிமிர்த்தவில்லை.

"விடுங்கோம்மா. அது நடவாது."

அழுகையில்லை, கோபமில்லை. போன பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அப்போதுதான் அன்ரோனெற்றுக்கு உறைத்தது. பிள்ளை ஒரு வருடத்துக்கு மேலாக இதைப் பற்றிக் கேட்கவேயில்லை. முன்பெல்லாம் எப்போது போவோம், எத்தனை நாள் இருக்கிறது என்று உயிரை எடுப்பாள். கேட்பதை எப்போது விட்டாள்? தாயின் வாக்கை அந்தப் பிள்ளை எந்த நாளில் கைகழுவியது? தாய் ஒருத்திக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

அன்ரோனெற் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சனான். பிள்ளை காய்ச்சலில கிடக்கேக்க. கொழும்புக் கொச்சிக்கடைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு."

கொன்ஸ்ரன்ரைன் எடுத்த கவளத்தைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தான். அருள்நாயகி சிலுவை அடையாளம் போட்டாள். இவ்வளவு நாளும் இதை ஏன் சொல்லவில்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பத்து நிமிடத்துக்குள் தாராபுரத்து வான்காரர் றஊப்புக்குத் தொலைபேசி போனது. ஆவணிக் கடைசிச் செவ்வாய் உறுதியானது. செவ்வாய் அந்தோனியாரின் நாள்.

இரண்டு வருடம் நடக்காதது ஒரு பொய்யில் நடந்தது. அன்று அன்ரோனெற் கொப்பியின் அடுத்த பக்கத்தில் ஐந்தாவது திகதியை எழுதினாள். காலை ஆறரைக்குக் கோயில், ஒரு மெழுகுதிரி, பத்து மணிக்கு வாட்டர் பார்க். கணக்குச் சரியாகவே இருந்தது.

மறுநாள் காலைத் தேநீரோடு கணக்குப் பிழைக்கத் தொடங்கியது. என்ன காணிக்கை நேர்ந்தாய் என்று அருள்நாயகி கேட்டாள். மெழுகுதிரி என்றாள் அன்ரோனெற். சாவின் வாசலுக்குப் போய் வந்த பிள்ளைக்கு வெறும் மெழுகுதிரியா என்று அருள்நாயகி திகைத்துப் போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது தனக்கு முடிதான் மனதில் வந்தது என்றாள். உனக்கும் முடிதான் வந்திருக்கும், பயத்தில் மறந்துபோனாய் என்றும் சொன்னாள். பின்னேரம் மரியாயின் சேனைக் கூட்டத்தில், ஜெனிற்றா அந்தோனியாருக்கு முடி கொடுக்கப் போகிறாள் என்ற செய்தி பரவியது. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது தெரு முழுக்க அறிந்திருந்தது.

பிறகு வான் நிரம்பியது. நேர்த்திக்குப் போகிற வாகனத்தில் இடம் கேட்பவருக்கு இல்லையென்று சொல்ல முடியுமா? பதினான்கு பேர். ஒருவருக்குத் தலவில் அன்னம்மாளிடம் போகவேண்டும். இன்னொருவருக்கு றாகமை மாதாவிடம். அருள்நாயகி தானே ஒரு பட்டியல் எழுதினாள். அதில் மூன்று கோயில்கள் இருந்தன. காணிக்கைக்குப் பாணும் கருவாட்டுப் பொதிகளும் வத்தளையில் ஒன்றுவிட்ட தங்கை வீடும் இருந்தன. வாட்டர் பார்க் இருக்கவில்லை.

அன்ரோனெற் மெல்ல ஞாபகப்படுத்தினாள்.

"நேர்த்திக்குப் போற வானில நீச்சலுக்கும் போறதோ? அந்தோனியார் என்ன நினைப்பார்?" என்றாள் அருள்நாயகி. அதைத் தனியாக இன்னொரு தரம் பார்க்கலாம் என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

அந்தச் சனிக்கிழமை அன்ரோனெற் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். முழங்காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவதென்று தீர்மானித்திருந்தாள். அவளுக்கு நேர் முன்னால் அருள்நாயகி நின்றாள். திரும்பிப் பார்த்து, நேர்த்திக்குப் போகமுன் ஆத்துமத்தைச் சுத்தப்படுத்த வந்தாயா, நல்லது பிள்ளை என்று அவள் கையைத் தடவினாள். அன்ரோனெற் தலையிடி என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

வீட்டில் ஜெனிற்றா கண்ணாடிக்கு முன்னால் நின்று பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. தாயைக் கண்டதும் திரும்பினாள்.

"எனக்காகத்தானே நேந்தனீங்கள் அம்மா. பரவாயில்லை."

அன்ரோனெற் குசினிக்குள் போய் அடுப்பங்கரையில் நின்று அழுதாள். தான் சொன்ன மெய்யை நம்பாமல் விட்ட பிள்ளை, இப்போது தன் பொய்யை நம்புகிறதே.

புறப்படும்போது இன்னொன்றும் நடந்தது. பையின் அடியில் தாய் ஒளித்து வைத்த நைலோன் உடுப்பை ஜெனிற்றா வெளியே எடுத்து வைத்திருந்தாள். பையில் இடம் வீணாகிறதாம். இரண்டு தரம் விளிம்பு அவிழ்த்து நீட்டிய உடுப்பு அது. அன்ரோனெற் அதைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

திங்கள் விடியப் புறப்பட்டுத் தலவிலில் இறங்கி, மாலையில் வத்தளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செவ்வாய் காலை ஆறரைக்குக் கோயிலில் நிற்கவேண்டிய கூட்டம் அப்போதுதான் பல் விளக்கியது. முடி வெட்டுகிறவர் வர ஒன்பது மணியாயிற்று. முற்றத்தில் பலாமரத்தின் கீழ் கதிரை போட்டார்கள். அருள்நாயகி தைத்துக் கொடுத்த மண்ணிற அந்தோனியார் அங்கியில் ஜெனிற்றா கதிரையில் அமர்ந்தாள். முடி வெட்டுகிறவர் பிள்ளையின் தலையில் தண்ணீர் தெளித்து, கத்தியை எடுத்தார். பிள்ளை கண்ணை இறுக மூடியது. பொத்திய இமைகளின் ஓரத்தில் நீர் கசிந்தது.

"நிப்பாட்டுங்கோ" என்றாள் அன்ரோனெற்.

அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் நேர்த்தி வைக்கேல்லை. ஆஸ்பத்திரியில அழுதனான், அவ்வளவுதான். அந்தோனியாரிட்ட ஒண்டும் சொல்லேல்லை. உங்களிட்டத்தான் சொன்னனான்."

"என்னத்துக்கு?" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

"வேற எதுக்கு நீங்கள் வான் பிடிப்பியள்?"

கொன்ஸ்ரன்ரைன் நிலத்தைப் பார்த்தான். அருள்நாயகியின் முகம் கறுத்துச் சிவந்தது. அவள் தெய்வநிந்தை என்று கத்துவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"பொய்யோ மெய்யோ, அவற்ற பேரைச் சொல்லிப் போட்டாய். முடி எண்டு ஊருக்கும் சொல்லியாச்சு. முடியில்லாமல் நான் அந்தக் கோயில் படி மிதியன்."

"ஊருக்குச் சொன்னது நீங்கள் மச்சாள். பொய் சொன்னது நான். பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை. எழும்பு ஜெனிற்றா."

மகள் எழுந்த கதிரையில் தாய் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்து விட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த கொன்ஸ்ரன்ரைனை அவள் பார்த்த பார்வையில், எடுத்த வாய் மூடிக்கொண்டது. முதல் கற்றை விழுந்தபோது ஜெனிற்றா ஓடிவந்து தன் அங்கியின் மடியை விரித்து ஏந்தினாள். தனக்காக விழுகிற முடி ஒன்றும் மண்ணில் விழக்கூடாது என்பதுபோல விழுந்த அத்தனையையும் ஏந்தினாள். அங்கே நின்றவர்களில் கண் கலங்காதவர் எவர்?

கோயிலுக்குப் போகும் வழியில் பின் ஆசனங்களில் முணுமுணுப்பு ஓயவில்லை. கொச்சிக்கடையில் இறங்கும்போது அருள்நாயகி தன் தலை முக்காட்டை எடுத்து அன்ரோனெற்றின் மொட்டைத் தலையில் போட்டாள்.

செவ்வாய்க் கூட்டம். மெழுகுதிரிக்கு ஒரு வரிசை, பாண் கொடுக்க ஒரு வரிசை. கூட வந்த ஒரு கிழவர் கூட்டத்தில் தவறிப்போய், தேடிப் பிடிக்க ஒரு மணித்தியாலம். வானுக்குத் திரும்பியபோது இரண்டேகால் தாண்டிவிட்டது. கொன்ஸ்ரன்ரைன் முன்னால் போய் றஊப்பிடம், அந்தத் தண்ணிப் பார்க் எவ்வளவு தூரம் என்று கேட்டான். இரண்டு வருடத்தில் அவன் அதைப் பற்றிக் கேட்ட முதற் கேள்வி.

"இந்த நெரிசலில சொல்லேலாது அண்ணை. ஓடிப் பாப்பம்" என்றார் றஊப்.

ஓடிப் பார்த்தார்கள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அன்ரோனெற்றின் உயிர் போய் வந்தது. வாசலில் நின்றபோது மணி நாலுக்குப் பத்து நிமிடம். காவலாளியோடு றஊப் சிங்களத்தில் எவ்வளவோ பேசிப் பார்த்தார். காவலாளி சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். மூன்றரை. அன்ரோனெற் இரண்டு கோடு இழுத்து வைத்த அதே மூன்றரை.

மதிலுக்கு மேலாகப் பெரிய சறுக்கின் உச்சி மட்டும் தெரிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக அதில் தோன்றி, கையைத் தூக்கி, மறைந்தார்கள். கூச்சல் மட்டும் வெளியே வந்தது. அன்ரோனெற் கைப்பைக்குள் நைலோன் துணியைக் கசக்கியபடி நின்றாள். பொய் சொன்னாள், முடியையும் கொடுத்தாள், மானத்தையும் கொடுத்தாள். கிடைத்தது ஒரு மதில். யாரையாவது பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. யாரை?

"உதில ஏறவோ இவ்வளவும்?" என்றாள் அருள்நாயகி வானின் யன்னலால் எட்டிப் பார்த்து. பிறகு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்ல உயரம்தான்" என்றாள்.

ஜெனிற்றா வந்து தாயின் விரலைப் பிடித்தாள்.

"அம்மா, அடுத்த தரம் எப்ப?"

எத்தனை மாதத்துக்குப் பிறகு வருகிற கேள்வி. வருகிற வருடம் என்று தொடங்கிய கொன்ஸ்ரன்ரைன், மனைவியின் மொட்டைத் தலை தன் பக்கம் திரும்புவதைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

"மார்கழி" என்றான்.

"மார்கழியில எத்தினையாம் திகதி அப்பா?"

"இருபத்தேழு."

"இருபத்தேழு அருளப்பர் திருநாள்" என்றாள் அருள்நாயகி உள்ளிருந்து.

முக்காடு நழுவிய தலையோடு அன்ரோனெற் வானின் யன்னலருகே போய் நின்றாள். அருள்நாயகி செபமாலையில் இரண்டு மணிகளை உருட்டினாள்.

"பூசையை இஞ்ச கொழும்பில காலமை காணலாம்" என்றாள் கடைசியில். "ஆனால் ஒன்பது மணிக்கு வாசலில நிக்கவேணும். பிந்திக் கிந்தி வந்து நிக்கேலாது."

திரும்பும் வழியில் சிலாபத்தில் ஒரு தரம், புத்தளத்தில் இரண்டு தரம், மதவாச்சி தாண்டி இன்னொரு தரம் ஜெனிற்றா எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாள். அன்ரோனெற்றுக்கு மொட்டைத் தலை வலித்தது. வாயை மூடிக்கொண்டு படு பிள்ளை என்று ஏசினாள். ஏசிவிட்டு, நூற்றிப் பத்தொன்பது என்றாள்.