அந்தோணியார் குருசடியில் நின்ற வண்டி

என் மகன் ஸ்தனிஸ்லாஸ் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவன். தக்காளி, முருங்கை, கத்திரி, எதை ஏற்றினாலும் விடிவதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் இறக்கியாக வேண்டும். செம்பட்டி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம், அப்புறம் குமுளி மலை. எந்த வளைவில் எந்தப் புளியமரம் என்று கேட்டால் படுத்துக்கொண்டே சொல்வான். இப்போது சொல்ல மட்டும்தான் முடியும், ஓட்ட முடியாது. சர்க்கரை அவன் இடது கண்ணைத் தின்றுவிட்டது.

லாரி முதலாளி நல்ல மனுசன். "ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு மலையில வேணாம் ஸ்தனி" என்று சாவியை வாங்கிக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அன்றைக்கு வந்து உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். டிவி ஓடாத நேரத்திலும் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பான். மருமகள் ஜெயமேரி நூல் மில்லுக்குப் போய் வருவாள். நான் சோறாக்குவேன். மூன்று பேரும் அவரவர் அலுப்போடு இருந்தோம்.

அப்படி இருக்கையில், ஒருநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது பிராங்கிளின் சார் அவனைப் பிடித்துக்கொண்டார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். நாகல் நகரில் ஒரு சைக்கிள் கடை மாடியில், கூட்டாளிகளோடு சேர்ந்து பொம்மைக் கார் பந்தயம் நடத்துகிறார்.

"அண்ணே, குமுளி மலைய மேசை மேல கட்டப்போறோம். வளைவெல்லாம் நீங்க வந்து சொன்னாத்தான் சரியா வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொம்மக் காரு ஓட்டுறதுக்கு ஒரு சங்கமா சாரு?" என்றேன்.

"வந்து பாருங்க பாட்டி. அப்புறம் சிரிங்க."

போகத்தான் வேண்டியிருந்தது. இடது பக்கம் பஸ் வந்தாலும் அவனுக்குத் தெரியாது. ஜெயமேரிக்கு ஞாயிற்றுக்கிழமையும் மில்லு. அதனால் நான்தான் அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். அவன் அம்பது வயசு ஆம்பிளை. எனக்கு முட்டி தேய்ந்துபோனது. அந்த மாடிப்படியில் நாங்கள் ஏறுவதைப் பார்த்தால், யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்று சொல்ல முடியாது.

மேலே ஒரு அறை நிறைய மரப்பலகை மேசை. அதன் மேல் கறுப்பு ரோடு வளைந்து வளைந்து ஓடுகிறது. ரோட்டு நடுவில் ஒரு கோடு போலக் குழி. குழிக்கு இரண்டு பக்கமும் செம்புத் தகடு ஒட்டி, அதில் கரண்டு விட்டிருக்கிறார்கள். உள்ளங்கை நீளம் கார். அதன் அடியில் நாக்கு மாதிரி ஒன்று குழிக்குள் இறங்கி நிற்கும். கையில் பொம்மைத் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி. விசையை அழுத்த அழுத்த கார் பறக்கும். விட்டால் நின்றுவிடும். வளைவில் ஆத்திரப்பட்டு அழுத்தினால் நாக்கு கழன்று கார் குட்டிக்கரணம் அடிக்கும்.

ராலி என்று ஒன்று வைப்பார்கள். அதில் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடாது. ஒவ்வொருத்தராக, தனியாக, கடிகாரத்தை வைத்து ஓட்ட வேண்டும். முதலில் செம்பட்டி ரோடு, நல்ல ரோடு. இரண்டாவது மண் ரோடு. மண்ணுக்குப் பதில் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவிவிடுவார்கள், வழுக்கும். மூன்றாவது மலை. மூன்று நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கு ஜெயம். கார் விழுந்தால் தண்டனையாக நேரத்தைக் கூட்டிப் போடுவார்கள்.

மலையைக் கட்டிக் கொடுக்கப் போனவன் பிடியைக் கையில் வாங்கினான். வாங்கினவன் விடவில்லை. லோடு லாரி ஓட்டுகிற மாதிரியே ஓட்டுவான். வளைவு வருவதற்கு முன்னாலேயே விசையைத் தளர்த்திவிடுவான். மெதுவாகப் போகும், ஆனால் விழாது.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அப்துல் வாஹித் அங்கே எல்லாரையும் விட வேகம். வாயும் வேகம்.

"என்ன ஸ்தனியண்ணே, தக்காளி லோடா? இம்புட்டு உருட்டுறீங்க?"

"ஆமா பாய். உங்க லோடு பூராம் ரோட்டுல கெடக்கு. மொதல்ல அதப் பொறுக்குங்க."

அப்போதுதான் வாஹித்தின் கார் மேசையை விட்டுப் பறந்து என் சேலை மடியில் விழுந்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். கண் போன பிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதற்கிடையில் ஜெயமேரி மில் கேட்டில் அவனுக்குக் காவல்காரன் வேலை பேசிவிட்டு வந்தாள். சம்பளம் பரவாயில்லை. லீவு மட்டும் செவ்வாய்க்கிழமை. ராலியோ ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அவள் என்னிடம் சொன்னாள். அவனுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

"அத்தை, வர்ற ராலியில ஜெயிக்கிற ஆளத்தான் கோயமுத்தூருப் போட்டிக்கு அனுப்புறாகளாம். இவரு ஜெயிச்சா, நான் சூப்பர்வைசர் கால்ல விழுந்தாச்சும் ஞாயித்துக்கெழம லீவ மாத்தி வாங்குறேன். இல்லேன்னா மறுநாளே காக்கிச் சட்டையப் போடட்டும். ஞாயித்துக்கெழமையும் கேட்டுதான். ஒத்தையில என்னால இழுக்க முடியல."

அவள் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைக் கூடத் துடைக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டினான். பேச்சு முடிந்தது.

ராலிக்கு முந்தின நாள், ஊதுபத்தி அட்டையை வெட்டி ஒரு சின்னக் குருசடி செய்தான். குமுளி மலை ஏறும் முன்னால் ரோட்டோரம் அந்தோணியார் குருசடி ஒன்று உண்டு, சிலுவை வைத்த சின்னக் கோயில். அதை விட்டுவிட்டால் மலை முழுசாகாது என்றான். லாரிச் சாவியைக் கொடுக்கும்போது அதிலிருந்து கழற்றி வைத்துக்கொண்ட அந்தோணியார் படத்தை நறுக்கி உள்ளே ஒட்டினான். சீரியல் செட்டிலிருந்து ஒரு சிவப்பு பல்பைக் கழற்றி மாட்டினான். அவனிடம் யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான் செய்தான். பிராங்கிளின் சார் அன்று சாயந்திரமே அதை மலையடிவாரத்தில் ஒட்டி, "ஜோராருக்குண்ணே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. செம்பட்டி ரோட்டில் வாஹித் முந்தினான். பவுடர் ரோட்டில் அவன் கார் விழுந்து எழுந்து விழுந்தது. என் மகன் கார் பவுடரைக் கிளப்பிக்கொண்டு ஒரு ஆட்டமும் இல்லாமல் வந்தது. கூட்டிப் பார்த்தால் ஸ்தனி முன்னால் இருக்கிறான்! மலையில் வாஹித் முதலில் ஓட்டி, கடைசி வளைவில் விழுந்தான். இனி இவன் விழாமல் ஏறினால் போதும். என் மடியில் ஜெபமாலை இருந்தது. உருட்டத் தோன்றவில்லை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மலை ஓட்டம் இருட்டில்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருத்தர் ஓட்டும்போதும் சன்னலுக்குப் போர்வை போட்டு, டியூப் லைட்டை அணைப்பார்கள். அவன் முறை வந்தது. கார் முகப்பில் இரண்டு சின்ன வெளிச்சம். மலையடியில் சிவப்பாக அந்தோணியார்.

கார் கிளம்பியது. வெளிச்சம் ரோட்டைத் தடவிக்கொண்டு போனது. அடிவாரத்துக்கு வந்தது. குருசடி முன்னால் நின்றது.

விழவில்லை. கரண்டும் போகவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தேன், என் மகன் பிடியை இடது கைக்கு மாற்றிவிட்டான். வலது கையால் நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளில் சிலுவை போட்டு, விரலை முத்தமிட்டுக்கொண்டான். அத்தனை வருசமும் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி அப்படிச் செய்யாமல் அவன் மலை ஏறினதே கிடையாது. செத்த நேரந்தான். அப்புறம் பிடியை மாற்றி மலையில் ஏறினான். ஒரு வளைவிலும் விழவில்லை.

லைட்டைப் போட்டார்கள். பிராங்கிளின் சார் கடிகாரத்தைப் பார்த்தார். அதை வாஹித்திடம் காட்டினார். வாஹித்துக்குத்தான் ஜெயம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சாரு, சாமி கும்பிட்ட நேரத்தக் கழிங்க" என்றேன்.

"பாட்டி, கடிகாரத்துக்குச் சாமி தெரியாதே."

"உங்களுக்குத் தெரியும்ல? காலையிலதான பூசையில பக்கத்து பெஞ்சுல முட்டி போட்டிருந்தீக?"

"ராலியில நின்னா, நின்ன நேரமும் சேத்திதான் பாட்டி."

"அப்ப எதுக்குக் குருசடிய ஒட்டுனீக?"

வாஹித் முன்னால் வந்தான். "சார், அண்ணன இன்னொருக்கா ஓட்டச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." பெரிய மனசு அவனுக்கு. மற்றவர்களும் சரி என்றார்கள். பிராங்கிளின் சார் தலையைச் சொறிந்துகொண்டு, "சரிண்ணே, ஒருதரம் ஓட்டுங்க" என்றார்.

ஸ்தனி பிடியைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். "வேணாம் சார்" என்றான்.

"ஏலே, குடுக்கும்போது வாங்குடா" என்று நான் அதட்டினேன்.

"மறுபடி ஓட்டுனாலும் நிப்பேம்மா. கை அதுவா போகுது."

"அப்ப அதப் பேத்து எடுத்துட்டு ஓட்டுங்கண்ணே" என்றான் வாஹித்.

என் மகன் குருசடியைப் பார்த்தான். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. "இருக்கட்டும் பாய்" என்றான். "நீங்க கோயமுத்தூரு போயிட்டு வாங்க. வளைவுல மட்டும் கைய எடுங்க."

படியில் இறங்கும்போது அவன் என் கையை வழக்கத்தை விட அழுத்திப் பிடித்திருந்தான். வீட்டில் ஜெயமேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலேயே தெரிந்துகொண்டாள். காக்கிச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். சந்தோசமாகப் போட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். போட்டு முடித்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிவிட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் மாடி ஏறுவதில்லை. தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்குப் போகிறேன். டவுன் பஸ்ஸில் இறங்கி கொஞ்ச தூரம் நடந்தால் கேட்டு. முட்டி அதையும் தாங்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் போகிறேன். அவன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, நின்றபடியே மூடியைத் திறப்பான்.

"என்ன வெஞ்சனம்மா?"

"கத்திரிக்காதான். தின்னு."

நல்ல கண்ணை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு சாப்பிடுவான். லாரி எதுவும் வந்தால் சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டைத் திறப்பான். போன வாரம் வாஹித் அந்த வழியாகப் போனவன் வண்டியை நிறுத்தி, கோயமுத்தூரில் தோற்றுப்போனதைச் சொன்னான். மூன்று தடவை விழுந்தானாம்.

"உங்க மகன் வந்திருந்தா ஜெயிச்சிருப்பாரு பாட்டி."

"அவன் இங்கயும் தோக்கல" என்றேன். "வண்டிய நிறுத்துனான். அம்புட்டுதான்."

ஸ்தனி குனிந்து சோற்றைப் பிசைந்தான். "விடும்மா" என்றான். நான் விடவில்லை. இன்னொரு தடவையும் சொன்னேன்.