கிரிம்பெக் ஏற்றத்து விசில்

தேனிலவுக்கு என் புருஷன் லெஸ் என்னைக் கூட்டிக்கொண்டு போன இடம் க்ரூ ரயில் நிலையத்து நடைமேடை. அன்றைக்கே நான் ஓடியிருக்க வேண்டும். வாரம் முழுக்க ராச்டேலில் ரொட்டி வண்டி ஓட்டுவான். சனிக்கிழமை விடிந்தால் ஏதாவது டீசல் எஞ்சினுக்குப் பின்னால் முதல் பெட்டி, முதல் ஜன்னல், வெளியே நீட்டிய தலை. அதிலும் விசிலர் என்று இவனுடைய ரயில் பைத்தியக் கூட்டம் செல்லமாகக் கூப்பிடும் பழைய எஞ்சின் என்றால் உயிர். இழுக்கும்போது அதன் வயிற்றுக்குள்ளிருந்து கூர்மையான விசில் ஒன்று எழும். எனக்கு அது பல் கூச வைக்கும் சத்தம்.

கேட்டுக் கேட்டே காது போனது. இடது காது எப்போதோ போய்விட்டது, வலதும் கிறிஸ்துமஸ் தாண்டாது என்று பரிசோதித்த பெண் போன மாதம் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"ஒரே ஒரு தடவ விசிலரக் கேட்டுரணும் பிரெண்டா. அப்புறம் போனாப் போவுது."

தன்னார்வலர்கள் நடத்தும் பழைய ரயில் பாதைகளில் இரண்டில்தான் இந்தக் கோடையில் அந்த எஞ்சின் ஓடியது. சமையலறை மேசையில் ஒரு வாரம் சண்டை.

"சாண்ட்விக் போலாமே. கடல் இருக்கு, மீன் வறுவல் இருக்கு, கிட்டத்துல கழிப்பறையும் இருக்கு" என்றேன்.

"அது தட்டைப் பாதைடீ. எஞ்சின் தூங்கிக்கிட்டே போகும். கிரிம்பெக்ல ஏத்தம் இருக்கு, முக்கி முக்கி ஏறணும். அங்கதான் விசில் தொண்டையத் தொறக்கும்."

"உனக்குக் காது கேக்காதுன்னு யாரு சொன்னா? வேணுங்கறது எல்லாம் கேக்குது, நான் சொல்றது மட்டும்தான் கேக்காது."

சிரித்தான். கிரிம்பெக் என்று முடிவானது.

போனோம். மழை. முதல் பெட்டி, முதல் ஜன்னல். ஏற்றம் தொடங்கியதும் பெட்டியே அதிர்ந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். எதிரில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. லெஸ் காதில் மாட்டியிருந்த கருவியைத் திருகித் திருகிப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். நான் அவன் முகத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மழையைப் பார்த்தேன்.

வண்டி மேலே போய் நின்றதும் நேராக டிரைவரிடம் போனான்.

"தம்பி, விசிலடிக்கிற டர்போ ஒண்ணு போயிருச்சு போலருக்கே. உறுமல் வருது, விசில் வரல. கவனிங்க, இல்லன்னா எஞ்சின் கெட்டுரும்."

டிரைவர் சிரித்தார். "என்ன சார் சொல்றீங்க? விசில் இன்னிக்கு மாதிரி என்னிக்குமே அடிச்சதில்ல. பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டிருக்கும்."

லெஸ் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னங்க?" என்றான்.

டிரைவர் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் வரை என்று அந்தப் பெண் சொன்ன கணக்கில் விசில் சேரவில்லை. கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகுமாம், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். படுபாவி, அவள் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

திரும்பும் வண்டியில் ஏறமாட்டேன் என்றான். நடைமேடையிலேயே நின்றோம். எஞ்சின் மறுமுனைக்குப் போய் மாட்டிக்கொண்டு புறப்பட்டது. விசில் எழுந்தது. நாற்பது வருஷம் நான் திட்டிய சத்தம். அவ்வளவு அழகாக இருந்தது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அடிக்குதா?" என்று கேட்டான்.

தலையாட்டினேன்.

வண்டி வளைவில் மறையும் வரை லெஸ் எஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.