ஒன்பதாவது வரிசை, ஏழாவது கொக்கி

சலவைக்கடையின் பின்னறையில் குடியிருக்கும் அம்மாவை எங்கள் குடியிருப்பில் எல்லாரும் எண்பத்தேழு என்றுதான் சொல்வார்கள். வயதைச் சொல்கிறார்கள் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பதுண்டு. அவருக்கு வயது அறுபத்தொன்பது. எண்பத்தேழு என்பது அவருடைய கணவரின் வில்லை எண். சுரங்கத்தில் ஆளை எண்ணால் கூப்பிடுவது வழக்கம். ஆள் போன பிறகும் எண் வீட்டில் தங்கிவிட்டது.

வில்லை என்பது எண் பொறித்த பித்தளை வட்டு. விளக்கறைச் சுவரில் ஒரு பலகையில், வரிசைக்குப் பத்துக் கொக்கியாக, எல்லா வில்லைகளும் தொங்கும். கீழே இறங்குபவர் ஜன்னலில் எண்ணைச் சொல்லி வில்லையை வாங்கிக்கொள்வார். மேலே வந்ததும் திருப்பித் தருவார். கொக்கி காலியாக இருந்தால் அந்த ஆள் பூமிக்குக் கீழே இருக்கிறார் என்று பொருள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து இருபத்தெட்டு ஆண்டுகள் பதிவேடு எழுதியவன் நான்.

முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு வியாழக்கிழமை காலை எட்டு இருபதுக்குக் கிழக்குச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. இருபத்துமூன்று பேர் மேலே வரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. அந்தக் கிழக்கு வாயைச் சிமெண்டால் அடைத்தார்கள். காலியாக இருந்த கொக்கிகளை எண்ணித்தான் இறந்தவர்களின் பட்டியல் போடப்பட்டது. அதில் நூற்றுப்பன்னிரண்டு இருந்தது, எண்பத்தேழு இல்லை. எண்பத்தேழாம் வில்லை பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான் என்று அந்த அம்மா விசாரணையில் சொன்னார். பக்கத்து வீட்டு நூற்றுப்பன்னிரண்டுக்குக் காய்ச்சல். அந்த மாதம் இன்னொரு நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் விடுப்பில் இருந்த இவர் கணவர் அவருடைய எண்ணைச் சொல்லி, அவருக்குப் பதிலாக இறங்கினார். வெள்ளச் செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் நூற்றுப்பன்னிரண்டு ஊரைவிட்டுப் போனார். அவரை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவர் மனைவி, தன் கணவர் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அதிகாரி பதிவேட்டைத் திறந்து பார்த்தார். பதிவேடு அந்த மனைவியின் பக்கம் இருந்தது.

ஆகவே எண்பத்தேழு இறந்தவர் அல்ல, ஓடிப்போனவர். நாலு மாதத்தில் சுரங்க வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடச் சேர்ந்தார். கணவர் எந்தப் பெண்ணோடு போனார் என்பதற்குக் குழாயடியில் மூன்று கதைகள் உலவின. மகளின் திருமணப் பதிவில் தந்தை என்ற கட்டத்தில் 'இருப்பிடம் தெரியவில்லை' என்று எழுதினார்கள். மகளின் மாமியார் சண்டை வரும்போதெல்லாம் அந்த வரியை வாசித்துக் காட்டுவாராம். இப்போது மகள் தாய்க்குக் கடிதம்கூடப் போடுவதில்லை.

சென்ற தை மாதம் பத்தாம் தேதி, துணி சுற்றி வந்த ஒரு பழைய செய்தித்தாளோடு அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். தலைநகரில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் சுரங்கத் தொழிலுக்கென்று ஒரு கூடம் திறந்திருந்தார்கள். படத்தில் எங்கள் பலகை இருந்தது. விபத்து நாளில் இருந்தபடியே வைத்து, இருபத்துமூன்று காலிக் கொக்கிகளுக்கும் ஒவ்வொரு சிறு விளக்குப் போட்டிருந்தார்கள்.

"எம்பத்தேழு இன்னும் தொங்குது சார். ஊரு உலகமே வந்து பாக்குற இடத்துல தொங்குது. அத எறக்கச் சொல்லணும். எப்படிப் போறதுன்னு எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதினேன். காலை ஆறு பத்துக்கு ரயில். பதினொன்று இருபத்தைந்துக்குப் போய்ச் சேரும். பதினான்காம் எண் பேருந்து. திங்கள் விடுமுறை. முன்வாசலில் நாற்பத்திரண்டு படிகள். அவருக்குப் பத்துப் படிக்கு மேல் மூச்சு வாங்கும். தொலைபேசியில் கேட்டதில், பக்கவாட்டில் சாய்தளம் இருப்பதாகவும் மணியடித்தால் திறப்பார்கள் என்றும் சொன்னார்கள். அதையும் குறித்தேன். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்று அந்த அம்மா கேலி செய்தார்.

வில்லையை இறக்கக் கோரி முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்று சொன்னதும் நான்தான். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். ஆதாரம் என்ன என்று கேட்பார்கள். ஆதாரம் ஒன்றே ஒன்றுதான், அது என்னிடம் இருந்தது. மூன்றாவது கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு சலவைக்கடைக்குப் போனேன். அந்த அம்மா என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: அன்று காலை ஐந்து நாற்பதுக்கு 'நூத்திப்பன்னெண்டு' என்று குரல் வந்தது. ஜன்னல் சிறியது, முகம் தெரியாது. ஆனால் வில்லைக்காக நீண்ட கையை நான் பார்த்தேன்.

"வெரலப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"எந்த வெரல்?"

"இடது கை. மோதிர விரல்ல மேல் கணு இல்ல."

அது எண்பத்தேழின் கை என்று அன்றே எனக்குத் தெரியும். ஆள் மாற்றி வில்லை கொடுத்தால் எழுத்தருக்கு வேலை போகும் என்பது விதி. விசாரணையில் என்னைக் கேட்டபோது, பதிவேடு சரி என்று சொன்னேன். இதையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"சட்டைய நீங்களே மடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முப்பத்துநான்கு ஆண்டுகளாக என் சட்டைகளை அவர்தான் மடித்துக் கொடுத்தார்.

என் கையெழுத்திட்ட வாக்குமூலத்துடன் கடிதம் போனது. நாற்பத்தோராம் நாள் பதில் வந்தது. பதிவேடு மூல ஆவணம் என்பதால் காட்சி அதன்படியே இருக்கும். முன்னாள் ஊழியரின் பிற்கால வாக்குமூலம் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. அவ்வளவுதான். கடைக்காரர் மூலம் பதிலை அந்த அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அதிலிருந்து எட்டாம் நாள் மாலை நாலரை மணிக்கு அவர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அதே செய்தித்தாளை மேசையில் விரித்தார்.

"பலகைக்கு முன்னாடி கண்ணாடி இல்ல. கயிறு மட்டுந்தான் கட்டியிருக்கு. சரிதானே?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சரிதான்.

"எத்தனாவது கொக்கி?"

ஒன்பதாவது வரிசையில் ஏழாவது என்றேன். மேல் வரிசை தரையிலிருந்து ஏழடி, வரிசைக்கு வரிசை நாலங்குலம். அந்தக் கொக்கி நாலடி நாலங்குல உயரத்தில் இருக்கும். அளவு நாடாவை எடுத்துக் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அந்த அம்மா மூன்று தப்படி பின்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு நடந்துவந்து கையை நீட்டினார். முதல் தடவை விரல் கோட்டுக்கு மேலே பட்டது. இரண்டாவது தடவை கோட்டிலேயே பட்டது. இன்னும் நாலு தடவை செய்து பார்த்தார்.

"டிக்கெட் எத்தனை எடுத்திருக்கீங்க?"

"ரெண்டு."

"நல்லது. காவக்காரன் வந்தா நீங்க பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. உண்மையத்தான் சொல்லணும்னு இல்ல. உங்களுக்குப் பழக்கம்தான்."

பிடிபட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியாததல்ல. பயணத் தாளை எடுத்துப் பகல் ஒன்று நாற்பது என்று எழுதினேன். காவலர்கள் சாப்பாட்டுக்கு முறை மாறும் நேரம் அது. அதற்கு எதிரே, அன்று எழுதியிருக்க வேண்டியதை எழுதினேன்: எண்பத்தேழு, கீழே இறங்கினார்.

அந்த அம்மா வரியை வாசித்துப் பார்த்தார். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வரும் வியாழக்கிழமை போகிறோம்.