கழுவக் கூடாத வீட்டில் பினாயில்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். சில பெயர்கள் நாக்கு நுனி வரை வந்து அங்கேயே நின்றுவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் என்றால் இதில் பாதிகூடப் பேசமாட்டேன். நாலு பேர் நடுவில் பேசினால் என் குரல் எனக்கே கேட்காது. காகிதம் குறுக்கே பேசாது என்பதால்தான் இந்தத் தைரியம்.

போன வாரம் என் மருமகள் கலா சமையலறை சிங்க்கில் பினாயில் ஊற்றினாள். திருவொற்றியூரில் ஒரு அடுக்குமாடியில், கீழ்த்தளத்தில் இருக்கிறோம். குடியிருப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்களாம். கலா அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். கீழ்த்தளத்தில் மீன் கழுவுவதால் எல்லா வீட்டுக்கும் கரப்பான் பூச்சி வருகிறது, சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்.

"சம்பந்தப்பட்டவங்க யாரு அத்த? நாமதான்!" என்று சிரித்தாள். அன்றைக்கே கடைக்குப் போய்ப் பெரிய கேனாக ஒன்றைத் தூக்கி வந்துவிட்டாள்.

இப்போதைய பினாயிலுக்கு எலுமிச்சை வாசனை. குடிக்கலாம் போலிருக்கிறது, அதுவே ஆபத்து. அவள் ஊற்றியதும் குழாய்க்குள்ளிருந்து ஒரு கரப்பான் வந்தது. மீசையை இரண்டு முறை துடைத்துக்கொண்டது. சாகவில்லை. சுவரேறி இறங்கி, வாசல் கதவுக்கு அடியில் புகுந்து எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. இதுதான் பினாயில் செய்கிற வேலை. கொல்லாது, துரத்தும். நாளைக்கு எதிர் வீட்டுக்காரி ஊற்றுவாள், அது மேல் வீட்டுக்குப் போகும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து மீன் தின்கிறவர்களைக் கைகாட்டுவார்கள்.

நான் சட்டென்று சிங்க்கை விட்டு விலகினேன். "இன்னாத்த, கரப்பானுக்கா பயந்துகினே?" என்று கேட்டாள் கலா. பயமில்லை. கோபம். கலா பிறப்பதற்கும் முந்தின கோபம்.

அந்தக் காலத்துப் பினாயில் கறுப்பு. தார் போலக் கெட்டியாக இருக்கும். கடைக்குப் பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும், அண்ணாச்சி புனல் வைத்து ஊற்றித் தருவார். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கறுப்பு அப்படியே பாலாக வெளுத்துப்போகும். கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்ப்பதற்காகவே வாளியில் சொட்டு சொட்டாக விடுவேன், பைத்தியக்காரி மாதிரி. அந்த வாடையும் எனக்குப் பிடிக்கும். என் மகள் பிறந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே வாடைதான் அடித்தது. பிள்ளையைக் கையில் தந்தபோது மூக்கில் இருந்தது பினாயில். அதனால் வெகுநாள் அதைச் சுத்தத்தின் வாடை என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ராயபுரத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஒரே கூரை, ஆறு குடித்தனம், நடுவில் முற்றம், அதில் ஒரு அடி பம்பு. ஆறு வீட்டு வாசலையும் ஒட்டி ஒரே சாக்கடை ஓடும். தெரு முகப்பில் அண்ணாச்சியின் மளிகைக் கடை. கடைக்குப் பின்னால், முதல் வீட்டை ஒட்டி அவருடைய கிடங்கு. அரிசி மூட்டை, வெல்லம், அட்டைப் பெட்டிகள் எல்லாம் அதற்குள். வீடுகளும் அவருடையவைதான். தெற்கத்திக்காரர், உழைப்பாளி, விடிவதற்கு முன் கடை திறப்பார். அதில் நான் குறை சொல்லமாட்டேன். அவர் சம்சாரம் தங்கக்கனி அக்காவுக்கு வாய் பெரிது. சுத்தம் அதைவிடப் பெரிது.

என் வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். போனால் நாலைந்து நாள் கடலில். நான் மீன் கூடை தூக்கி வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் விற்பேன். பிள்ளை பக்கத்து வீட்டு எஸ்தரிடம் இருக்கும். எஸ்தருக்குப் பிள்ளையில்லை. என் மகள் அவள் இடுப்பிலேயே வளர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தால் வரிசை முழுக்க வீடு கழுவுவார்கள். பினாயில் தண்ணீர் வெள்ளையாகச் சாக்கடையில் ஓடும். என் வீடு மட்டும் கழுவாமல் கிடக்கும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆண் கடலில் இருக்கும்போது வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கூட்டலாம், ஈரத்துணி வைத்துத் துடைக்கலாம். வாளியில் ஊற்றித் தள்ளினால், போனவரையும் சேர்த்துத் தள்ளுவது போல. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் என் மாமியார் வீட்டில் இது எழுதாத சட்டம். படகு கரையேறிய பிறகுதான் கழுவுவேன், அது எந்தக் கிழமையானாலும்.

அதனால் என்ன ஆகும்? ஐந்து வீட்டில் பினாயில் ஊற்றினால் கரப்பானுக்குப் போக்கிடம் எது? ஆறாவது வீடுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அடுப்படியில் ஒரு மாநாடே நடக்கும். விளக்குமாற்றால் அடித்து மாளாது. அரிசிப் பானைக்குள், பிள்ளையின் தொட்டில் கயிற்றில், எங்கும்.

"மீன்காரி வீட்டுல இருந்துதான் வருது. கழுவ மாட்டேங்கா, நாறிப்போய்க் கெடக்கு" என்று தங்கக்கனி அக்கா பம்படியில் எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். எஸ்தர்தான் என் சார்பில் வாயைத் திறப்பாள்.

"ஆமா, எல்லாக் கரப்பானும் அவ வூட்டு அட்ரஸ் கேட்டுகினு வருது பாரு!"

ஒருநாள் நான் கூடை விற்று மத்தியானம் திரும்பினேன். தெருமுனையிலேயே வாடை மூக்கைக் குத்தியது. என் வீட்டுப் பூட்டு திறந்து, கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் தரையெல்லாம் கறுப்பு. தண்ணீர் கலக்காத பினாயில். மூலைக்கு மூலை, அடுப்புக்கு அடியில், கருவாட்டுப் பானைக்குள், குடிதண்ணீர்க் குடத்தைச் சுற்றி, எல்லா இடத்திலும் ஊற்றியிருந்தார்கள். நாங்கள் பூட்டிய பூட்டும் வீட்டோடு அண்ணாச்சி கொடுத்ததுதான். இன்னொரு சாவி அவர்களிடம் இருந்தது.

தங்கக்கனி அக்கா இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றார். "நீ கழுவப் போறதில்ல. நாங்களாவது ஊத்துவோம்னு ஊத்துனேன். இனி ஒரு பூச்சி வராது பாத்துக்கோ" என்றார். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது அந்த முகம்.

நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை, சத்தம் கேட்டு வந்த எஸ்தரின் இடுப்பிலிருந்து நழுவி, அம்மாவைக் கண்ட சந்தோஷத்தில், தவழ்ந்து உள்ளே வந்துவிட்டாள். இரண்டு கையும் முட்டியும் அந்தக் கறுப்பில். நான் ஓடித் தூக்குவதற்குள் ஒரு கை வாய்க்குப் போய்விட்டது. வீறிட்டாள். எஸ்தர் பிடுங்கிக்கொண்டு பம்படிக்கு ஓடினாள். கையைக் கழுவக் கழுவ உள்ளங்கை செக்கச் செவேலென்று ஆனது. வாயைக் கழுவினோம். குடித்த பாலையெல்லாம் கக்கினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரர் கடலில். கழுவினால் அவருக்கு ஆகாது. கழுவாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது. அந்த ஒரு அறையைத் தவிர எங்களுக்கு வேறு இடம் கிடையாது. துணியால் துடைத்துப் பார்த்தேன். துடைக்கத் துடைக்கத் தரை முழுக்கப் பரவியது. என் விரல் எரிந்தது.

எஸ்தர் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கத்தினாள். "கழுவி வுடுடீ! கடலு உன் வூட்டுத் தண்ணிய எண்ணிகினா கீது? புள்ள கைய பாரு, வெந்துபோய்க் கீது!"

கழுவினேன். குடம் குடமாக அடித்து ஊற்றினேன். ஒவ்வொரு குடத்துக்கும் அவர் பெயரை மனதுக்குள் சொன்னேன். வாயால் சொல்கிற பழக்கம் இல்லை. வெள்ளையாகத் தண்ணீர் வாசலைத் தாண்டியது. அதன் முன்னால் கரப்பான்கள் ஓடின. இதை நான் கண்ணால் பார்த்தேன், எஸ்தரும் பார்த்தாள். அவை இங்குமங்கும் சிதறவில்லை. ஐந்து வீட்டையும் கடந்து, சாக்கடை ஓரமாகவே வரிசையாக ஓடி, கிடங்குக் கதவின் அடிச்சந்தில் நுழைந்தன. பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்கள் மாதிரி, வழி கேட்காமல் போயின.

தங்கக்கனி அக்காவுக்கு அது கண்ணில் படவில்லை. தண்ணீர்தான் பட்டது. "ஏட்டி, பம்புத் தண்ணிய இப்படியா கொட்டுவ? மத்தவங்களுக்கு வேண்டாமா?" என்றார்.

நான் ஈரச் சேலையோடு போய் எஸ்தரிடமிருந்து பிள்ளையை வாங்கினேன். அதன் கையைப் பிடித்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "மோந்து பாருங்கக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் வாழ்நாளில் உரக்கப் பேசியது அதுவாகத்தான் இருக்கும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எஸ்தர் விடவில்லை. நேரே கடைக்குப் போய், "அண்ணாச்சி, உங்க கொடோன தொறந்து காட்டுங்க. பூச்சியெல்லாம் அங்கதான் போவுது" என்றாள். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரக்கு கெடக்கிற எடம்மா. கண்டவங்களுக்கும் தொறந்து விட முடியுமா?" என்றார்.

இதை எழுதும்போது இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது. என் வீடு திறக்கலாம். நான் இல்லாதபோது, என்னைக் கேட்காமல், என் அடுப்படி வரைக்கும் போகலாம். அவர் கிடங்கு திறக்கக் கூடாது. அவர் வளர்த்த பூச்சியை விரட்ட அவர் கடையிலேயே போய் வரிசையில் நின்று பினாயில் வாங்கினோம், ஆறு குடித்தனமும். நாறுகிறவள் மட்டும் நான்.

பிறகு காத்திருப்பு. படகு வர வேண்டிய நாளில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வரிசை வீட்டில் எல்லோருக்கும் எங்கள் வழக்கம் தெரியும். பம்படிக்குப் போகும்போதெல்லாம் என்னையே பார்த்தார்கள். நான் காசிமேட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். பிள்ளைக்கு உள்ளங்கைத் தோல் உரிய ஆரம்பித்தது. ஏதாவது ஆனால் முகத்துவாரக்குப்பத்துக்கு எந்த முகத்தோடு போவேன்? தங்கக்கனி அக்கா ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்து வைத்து, "வந்துருவாரு பிள்ள, பயப்படாத" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். இட்லியை எஸ்தருக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்கும் மறுநாள் என் வீட்டுக்காரர் வந்தார். நடுக்கடலில் இஞ்சின் நின்று, வேறொரு படகு கட்டி இழுத்து வந்திருக்கிறது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதான் இஞ்சின் நின்னுச்சா!" என்று சிரித்தார். "பினாயில் வாடைக்கு மீனெல்லாம் சிலோன் பக்கம் ஓடிப் பூட்ச்சு." என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். பிறகு பிள்ளையின் கையை விரித்துப் பார்த்தார். "கழுவினியே, அதான் சரி" என்றார். எழுந்து கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அந்த இன்னொரு சாவியக் குடுங்க அண்ணாச்சி."

"வீடு என்னுது. எங்கிட்ட ஒரு சாவி இருக்கத்தான் செய்யும்."

"அப்ப கொடோனு சாவி ஒண்ணு எங்கையில குடுங்க. நானும் உள்ள பூந்து பினாயிலு ஊத்திட்டு வரேன்."

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு முகம் கறுத்தது. "பிடிக்கலன்னா காலி பண்ணிக்கோ" என்றார். பிள்ளையின் கை ஆறியதும், அந்த மாதமே காலி செய்தோம். முகத்துவாரக்குப்பத்துக்கே போனோம். எஸ்தர் எங்கள் வண்டி தெரு திரும்பும் வரை நின்றாள். பிள்ளையை அவளிடமிருந்து பிரித்ததுதான் பெரிய பாவம். அந்தப் பாவமும் அண்ணாச்சி வீட்டுக் கணக்கில்தான் சேரும்.

எண்ணூர்ப் பக்கம் போன பிறகு கரப்பானை யார் நினைத்தார்கள்? அங்கே காயப்போட்ட துணியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழும், ஆற்றில் இறால் குறைந்துகொண்டே போனது. அதற்கு எந்தப் பினாயிலை எங்கே ஊற்றுவது? அதை எழுத ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

இப்போது அந்த வரிசை வீடுகள் இல்லை. ஒருமுறை பேருந்தில் போனபோது பார்த்தேன், மேலே வீடும் கீழே கார் நிறுத்துகிற இடமுமாக ஏதோ கட்டியிருக்கிறார்கள். பம்பு நின்ற இடம் எது என்றே தெரியவில்லை. எஸ்தர் எங்கே என்று தெரியாது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார், கடலில் இல்லை, கட்டிலில். குப்பத்துக்குப் போன பிறகு பிறந்த மகன் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போக இனி ஆளில்லை. கலா எந்த நாளில் வேண்டுமானாலும் வாளி வாளியாக ஊற்றி வீட்டைக் கழுவலாம். அவள் கழுவுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். வீடு ஆறா ஏழா, கிடங்கு முதல் வீட்டை ஒட்டியா எதிரிலா, அந்தக் காலத்தில் ராயபுரத்தில் அப்படி ஒரு முற்றத்தில் இருந்தவர்கள் யாராவது படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் விசாரித்து எழுதுங்கள். அந்தக் கட்டடத்தை இடித்தபோது கிடங்குக் கதவை யாரோ திறந்துதானே இருப்பார்கள்? உள்ளேயிருந்து என்ன வந்தது?