ஜெராக்ஸுக்கு அகப்படாத அட்டை

எண்பதுகளின் நடுவில் லோஹேகாவ் விமானப்படைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அக்கம்பக்கத்தில் ஒரே பேச்சு. வந்தது என்னவோ சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கீபோர்டு மட்டும்தான். துபாயில் இருந்த மாமா கொடுத்தனுப்பியது. அதைக் கறுப்புவெள்ளை டிவியில் செருகி, டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு, அது கீச்சுகீச்சென்று கத்தி முடிக்கும்வரை காத்திருந்தால் விளையாட்டு வரும்.

கேசட்டுகள் அத்தனையும் திருட்டு. கேம்ப் கடைத்தெருவில் சினிமாப் பாட்டு பதிந்து தரும் கடைக்காரரே இதையும் பதிந்து தருவார். அப்பாவுக்கு அது ஆகாது. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தார். வேலை செய்த இடத்திலிருந்து ஒரு ஸ்க்ரூவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

"அடுத்தவன் உழைப்பத் திருடி வெளையாடுதியளே, வெக்கமா இல்ல?" என்பார்.

அண்ணன் விடமாட்டான். "கம்பெனிக்காரன்தான்ப்பா பக்கா சோர், பெரிய திருடன். ஒரே வெளையாட்டப் பேர மாத்தி மாத்தி விக்கான்."

அண்ணனுக்கு அப்போது பதினேழு. பைலட் ஆவதற்கான எழுத்துத் தேர்வும் நேர்முகமும் தேறிவிட்டான். மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. வாழ்நாளெல்லாம் தரையில் நின்று விமானம் பழுதுபார்த்த அப்பா, மகன் ஓட்டப்போகிறான் என்று வரிசை வீடு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். கடா மாதிரி இருக்கிறான், மெடிக்கல் எல்லாம் சும்மா என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமும்.

அந்தச் சமயத்தில்தான் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று வந்தது. கேசட்டை எவரும் நகல் எடுக்கலாம். ஆனால் அசலோடு ஓர் அட்டை வரும். அட்டை நிறையச் சின்னச் சின்னக் கட்டங்கள்: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். எட்டாம் வரிசை ஐந்தாம் கட்டம் என்று டிவி கேட்கும். அங்கே என்ன நிறமோ அதற்குரிய எண்ணை அழுத்த வேண்டும். இரண்டு முறை தவறினால் எல்லாம் அழிந்து, கேசட்டை முதலிலிருந்து ஓடவிட வேண்டும். ஜெராக்ஸ் எடுத்தால் கட்டமெல்லாம் ஒரே கறுப்பு. நகல் எடுக்க முடியாதபடி யோசித்துத்தான் செய்திருக்கிறான் பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

விஷ்ராந்த்வாடியில் அண்ணனின் சிநேகிதனிடம் அசல் அட்டை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாங்கி வந்து, கிராஃப் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் அண்ணனே கட்டம் கட்டமாக வரைந்தான். அந்தப் பேனாக்கள் என்னுடையவை. ஆனாலும் பெட்டியில் எந்தப் பேனா எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு அவன்தான் சட்டம். மாற்றி வைத்தால் தலையில் குட்டு விழும். என் பேனாவுக்கு இவன் என்ன காவல் என்று எரிச்சலாக வரும். உதவி செய்கிறேன் என்று போனேன்.

"ஏட்டி, தள்ளிப் போ. நீ கிறுக்கி வச்சிருவ" என்றான்.

விளையாட்டு ஒழுங்காகத் திறக்கவில்லை. ஒரு நேரம் திறந்தது, நாலு நேரம் துரத்தியது. அண்ணன் கொதித்துப் போனான். "ஒவ்வொரு கேசட்டுக்கும் வேற வேற அட்டை அடிக்கானுவ. நாம நகல் எடுப்போம்னு தெரிஞ்சே பண்ணுதானுவ." பள்ளிக்கூடம் முழுக்க இதைப் பரப்பினான். நானும் நம்பினேன், அந்தக் கம்பெனியைக் கூடச் சேர்ந்து திட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அசல் அட்டை மறுபடி கைக்கு வந்தது. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மஞ்சளும் நீலமும் அத்தனையும் சரி. சிவப்பும் பச்சையும்தான் தாறுமாறாக மாறிக் கிடந்தன.

"கண்ணத் தொறந்துக்கிட்டுதான் வரஞ்சியா? இது பச்சை. நீ செவப்புப் போட்டிருக்க."

அண்ணன் வந்து குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானட்டி."

கேலி செய்கிறான் என்று சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து வந்த அம்மா எதுவும் கேட்காமல் தையல் டப்பாவிலிருந்து இரண்டு நூல்கண்டுகளை எடுத்து நீட்டினாள். "எய்யா, இதுல செவப்பு எது?"

அவன் பச்சையைத் தொட்டான்.

காய்த் தக்காளியை வாங்கி வந்து அவன் அம்மாவிடம் வசவு வாங்கியதெல்லாம் ஞாபகம் வந்தது. பேனாப் பெட்டியும் ஞாபகம் வந்தது. பதின்மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னாள். இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து வந்தவர், சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தார். அவர் கையெழுத்து. முதல் பக்கம் பன்னிரண்டு, இரண்டாம் பக்கம் எட்டு என்று வரிசையாக எண்கள்.

"மெடிக்கல்ல கலர்ப் புள்ளி போட்ட புஸ்தகம் காட்டுவாங்க. புள்ளிக்குள்ள நம்பர் இருக்கும். இத மனப்பாடம் பண்ணிக்கோ. வெளிய மூச்சு விடக்கூடாது."

எனக்கு அண்ணனின் கண்ணைவிடப் பெரிய அதிர்ச்சி அதுதான். எங்கள் கேசட்டுகளைத் திருட்டு என்று சொன்ன அதே வாய். அதை எங்கே பார்த்து எழுதினாரோ.

அண்ணன் தாளை முழுவதும் படித்தான். "ரன்வேல செவப்பு எரியுதா பச்சை எரியுதான்னு யாருட்டப்பா கேப்பேன்?"

"போகப் போகப் பழகிரும்."

"நான் எறக்குத விமானத்துல நீங்க ஏறுவியளா?"

அப்பா தாளைத் திரும்ப எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே மினுங்கிக்கொண்டிருந்த பூட்ஸை உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். அண்ணன் மெடிக்கலுக்குப் போகவில்லை. அதற்கப்புறம் அப்பா எங்கள் கேசட்டுகளைத் திருட்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மெடிக்கல் தேதி கடந்துபோன அந்த வாரம் அண்ணன் அதே கேசட்டைப் போட்டான். நான் ஒரு பிழையில்லாமல் புதிதாக வரைந்த கிராஃப் தாள் அவன் மடியில் இருந்தது. டிவி கேட்டது: மூன்றாம் வரிசை, ஏழாம் கட்டம். அவன் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பாமல் அதை என் பக்கம் நீட்டினான்.

"நீயே பாத்துச் சொல்லுட்டி."

"பச்சை" என்றேன். அழுத்தினான். முதல் தடவையிலேயே விளையாட்டு திறந்துகொண்டது.